மொட்டைமாடிச் சாவி

ஆசாரிப்பள்ளத்தில் ரத்தம் எடுத்தார்கள்.
தாளில் வந்தது ஒன்பது.
முப்பதாவது வேணுமாம்.
கணக்குப் பாடத்தில்கூட
நான் இவ்வளவு மோசமில்லை.

"எங்கே வேலை?" என்றார் டாக்டரம்மா.
நாகர்கோவிலில் துணிக்கடை,
இரண்டாம் மாடி, சேலைப் பிரிவு,
ஜன்னல் கிடையாது,
நாற்பத்தாறு ட்யூப்லைட்.
"வீடு?"
முட்டம்.
பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.
"கடற்கரைக்காரி."
கேள்வியா திட்டா, தெரியவில்லை.

முதுகுவலிக்குப் போனவளுக்கு
வாரம் ஒரு பொடி, பாலில் கலக்கி.
அதன் கீழே,
கையும் காலும் தெரிய
உச்சிவெயில் இருபது நிமிஷம்
என்று சீட்டிலேயே எழுதினார்.

மருந்துக்கடைப் பையன் பொடியை எடுத்து வைத்தான்.
இரண்டாவது வரியை விரலால் தொட்டு
"இது ஸ்டாக் இல்லக்கா" என்றான்.

வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை
முகத்தைச் சுற்றித் துப்பட்டா, அதற்கு மேல் குடை.
கறுத்துப்போவேன் என்று
பத்து வருஷமாய் நானேதான்
சூரியனுக்குக் கதவடைத்தேன்.
ராத்திரி பத்தரைக்கு இறங்கி நடக்கையில்
துப்பட்டாவை அவிழ்த்து
முகத்தை நிலவுக்குக் காட்டுவேன்.

கன்னியாகுமரியில்
வெளியூர்க்காரர்கள் நாலரைக்கே எழுந்து
பாறைமேல் காத்திருக்கிறார்கள், உதிப்பதைப் பார்க்க.
சாயங்காலம் அதே ஆட்கள்
மறைவதைப் பார்க்க.
நடுவில் இருக்கும் சூரியனை
ஒருத்தரும் போட்டோ எடுப்பதில்லை.
எனக்கு அதுதான் வேணும்.

சாப்பாட்டுக்கு அரைமணி.
சோற்றுக்குப் பத்து,
கக்கூஸ் வரிசையில் ஐந்து,
ஏறி இறங்க ஐந்து.
மிச்சம் பத்து. பாதி மருந்து.

மாடிச் சாவி லிப்ட் ஓட்டும் மரியசிங்கத்திடம்.
"என்னத்துக்கு?"
வெயில் கொள்ள.
அவர் சிரிக்கவில்லை.
பொத்தானிலிருந்து கையெடுக்காமல் சொன்னார்:
"எனக்கும் சேத்துக் கொண்டுட்டு வா."

மேலே
கடையின் பழைய பொம்மைகள்,
கையில்லாமல், தலையில்லாமல்,
ரோஸ் நிறம் வெளிறி.
எங்களுக்கு வரவேண்டிய வெயிலையெல்லாம்
அதுகள் தின்று கிடந்தன.
தூரத்தில் வேளிமலை.
முதல்நாள் கண் கூசியது.
இரண்டாம்நாள் முழங்கைக்குக் கீழே
யாரோ இஸ்திரிப்பெட்டியை மெல்ல வைத்து எடுத்தார்கள்.
"நீ சும்மா இரு, தோல் சமைச்சுக்கும்"
என்றிருந்தார் டாக்டரம்மா.
நான் உட்கார்ந்திருக்க
வேறு ஒன்று சமைப்பது
வாழ்க்கையில் இதுதான் முதல்.

அப்புறம் பில் கவுண்டர் கிளாடிஸ் வந்தாள்.
சுடிதார் பிரிவிலிருந்து சுடலைவடிவு.
ரஹ்மத்நிஷா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்
கைகளை மடக்கிவிட்டுக்கொள்வாள்;
நாங்கள் படிப்பக்கம் பார்த்துக் காவலிருப்போம்.
எங்க ஊர் மணலில் நெத்திலி கிடப்பதுபோல
வரிசையாய்க் கிடந்தோம்.
"திருப்பிப் போடு" என்பாள் கிளாடிஸ்.
எட்டுக் கைகளும் திரும்பும்.

"கறுத்துட்டியே" என்றார் சூப்பர்வைசர்,
தோளில் சேலை போட்டுக் காட்டுகிறவள் நான் என்பதால்.
அன்றைக்கு அதே தோளில்
கடுகுமஞ்சள் மூன்று விற்றது.
அவர் வேறு எதுவும் சொல்லவில்லை.

ஆனியில் சாரல் பிடித்தது.
படிக்கட்டுக் கூரைக்கடியில் நின்று
நனைகிற பொம்மைகளைப் பார்த்தபடி சோறு தின்றோம்.
மறுபடி ரத்தம்: இருபத்தொன்று.
இன்னும் பெயில்தான்.
ஆனால் சேலைக்கட்டைக் குனிந்து எடுக்கும்போது
"அம்மா" என்று வாய் வருவதில்லை;
அதை நான்காம்நாள்தான் கவனித்தேன்.

நேற்று மழை விட்டிருந்தது.
பன்னிரண்டேமுக்காலுக்குக் கரண்டு போனது,
ஜெனரேட்டரும் இருமிவிட்டு நின்றது.
நாற்பத்தாறும் அணைந்த இருட்டில்
படியில் செருப்புச் சத்தம்.
மரியசிங்கம்.
பதினாறு வருஷமாய் மேலும் கீழும் போனவர்
முதல் தடவையாய் லிப்டுக்கு மேலே வந்திருந்தார்.
தொப்பியைக் கழற்றினார்.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
சட்டைப்பைக்குள் விட்டார், எடுத்தார்.
பிறகு எங்களிடம் கேட்டார்:
"எந்தப் பக்கம் திரும்பி நிக்கணும்?"