இடது பக்கம் காலி

காதர்பேட்டை, மூணாவது மாடி, வாடகை ஸ்டூடியோ.
சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் விளம்பரம்.
துணி ஆறு வயசு அளவு;
வந்த சம்விதாவுக்கு நாலு.
முதுகில் ஏழு கிளிப் போட்டு இறுக்கினேன்.
முன்னால் கச்சிதம்.

ஃபிரேமில் அவளை வலது ஓரம் தள்ளி
இடது பக்கம் காலியாக விட்டேன்,
எழுத்து வர.
சிரி என்றால் பல்லைக் காட்டுகிறாள்.
பொம்மையை ஆட்டினால் பொம்மை வேண்டும் என்கிறாள்.
பனியன் கம்பெனிக்காரர் வாட்சைப் பார்க்கிறார்.

"ஏனுங் மாமா,
அந்தப் பக்கம் ஆரு நிப்பாங்க?"

விலை என்று எப்படிச் சொல்ல?
"வருவாங்க கண்ணு."

இன்னும் கொஞ்சம் நகர்ந்து
இடம் விட்டு நின்றாள்.
வெறுஞ்சுவரைப் பார்த்து லேசாக,
வாங்க என்பதுபோல.

அமுத்தினேன்.

கிளிப்பைக் கழற்றும்போதும்
அங்கேயே
திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.