வியாழக்கிழமை ஒட்டு

ஐஸ்லாந்தின் வடமேற்கு மூலையில்
மைனஸ் பன்னிரண்டில்
ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு
பனி தள்ளும் வண்டி ஓட்டுபவளைப் பார்த்திருந்தால்
அது நான்தான், சோல்ரூன்.
குடித்திருக்கவில்லை.

முதலில் நெஞ்சுக்கூட்டின் நடுவில் ஒரு தீக்குச்சி.
பிறகு கழுத்து, காது, உச்சந்தலை.
கம்பளிக்குள் வேர்வை வழிந்து
முதுகோடு ஒட்டி
மறு நிமிஷம் அதுவே ஐஸ்.

இருபத்திரண்டு வருஷமாகக் கையிலிருக்கும் ஒன்றின் பேர்
டிசம்பரில் ஒரு நாள் வரவில்லை.
வயர்லெஸ்ஸில் “அது, அது” என்றேன்.
“எது?” என்றான் எய்நார்.
“கத்தியைத் தூக்குமே, அது.”
அவன் சிரிக்கவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

தெற்கிலிருந்து இரண்டு வாரத்துக்கு மட்டும் வரும் டாக்டர்
என் மகன் வயசு.
மார்பில் கட்டி, காலில் ரத்தக்கட்டு,
குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று
திரையைப் பார்த்தே கேட்டான்.
ஆயிரம் பேரில் இத்தனை பேருக்கு என்றான்.
எங்கள் ஊரில் ஆயிரம் பேர் இல்லை.
முடிவு உங்களுடையது,
தூங்கி எழுந்து சொல்லுங்கள் என்றான்.
தூங்கினால்தானே!
அங்கேயே சொல்லிவிட்டேன், வேண்டுமென்று.

திங்களும் வியாழனும்.
தபால்தலை அளவு, கண்ணாடி மாதிரி,
இடுப்புக்குக் கீழே, இடம் மாற்றி மாற்றி.
உரித்த பிறகும் தோலில் ஒரு சாம்பல் சதுரம்,
காலண்டர் கழற்றிய சுவர்போல.
ராத்திரிக்கு ஒரு மாத்திரை, கருப்பைக்குக் காவல்.
மூன்றாவது வாரம்
விடியும்வரை தூங்கினேன்.
இங்கே விடிவது பதினோரு மணிக்கு,
அவ்வளவு இல்லை.
ஐந்துவரை.

குளத்துக் குளியலறையில்
எல்லாரும் உடுப்பில்லாமல்தான் சோப்புப் போடுகிறோம்.
யாரும் யாரையும் பார்ப்பதில்லை.
குவுத்ஃபின்னா எப்போதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.
சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள்.
ஒரு வேலித் தகராறில்
பதினோரு வருஷமாக என்னோடு பேச்சில்லை.

அன்று வெந்நீர்த் தொட்டியில் ஏழு பேர்.
முடியில் பனி, கழுத்துக்குக் கீழே கொதி.
படகுக்கார தோர்லாக்கூர்
முழங்கையிலிருந்து எதையோ உரித்து
விளக்குக்கு நேரே பிடித்தார்.
“விலைச்சீட்டா? யாருடையது?”

தண்ணீருக்குள் என் கை இடுப்புக்குப் போனது.
இருந்தது.
நிமிர்ந்தால்
எதிரே குவுத்ஃபின்னாவின் இடது தோள்
மெல்ல அசைகிறது, தேடுகிறது,
கிடைக்காத முகம் அவளுக்கு.

“என்னுடையது” என்று கை நீட்டினேன்.
“எனக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது, தோர்லாக்கூர்.
இது அதற்கு.
உங்கள் முழங்கைக்கு வேலை செய்யாது.”
ஐந்து பேர் சிரித்தார்கள்.
அவள் ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் பேசிக்கொண்டோமா என்றால்,
இல்லை.

பிப்ரவரியில் மருந்துக்கடையில் சரக்கு தீர்ந்தது.
விமானம் இறங்கவில்லை, கணவாயும் மூடிவிட்டது என்று
உல்ஃபில்தூர் காலி இழுப்பறையைத் திறந்து காட்டினாள்.
கணவாயைத் திறக்க வேண்டியவளிடமே.
வியாழன் போய், சனி வந்தது.
பழைய ஒட்டின் ஓரம் சுருண்டது,
தீக்குச்சி திரும்பவும் உரசியது.

ஞாயிறு அதிகாலை மூன்றரை.
வண்டிக் கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை.
உள்ளே பாட்டுத்தாளில் சுற்றிய
ஒரே ஒரு உறை.
சுரக்கோடுகளுக்கு நடுவே பென்சிலில்:
“தண்ணீரில் கழலும். மேலே பிளாஸ்திரி போடு.”
பேர் இல்லை.

வண்டிக்குள் உட்கார்ந்து கம்பளியைத் தூக்கி
உள்ளங்கையால் பத்து நொடி அழுத்தினேன்.
ஒன்றும் நடக்கவில்லை, உடனே நடக்காது,
தெரியும்.
பிறகு அதை
(இருங்கள், வருகிறது)
நெம்புகோலை இழுத்தேன்.

கணவாய்க்குப் போகும் முன்
அவள் வாசலை ஒரு தடவை தள்ளிவிட்டேன்.
சம்பளக் கணக்கில் சேராது.
திரும்பும்போது வேலியை உரசிவிட்டது.
தெரியாமல்தான்.