அடித்துவிட்ட எண்

ரூகா மலையில் டிசம்பர்.
மதியம் இரண்டரைக்கே இருட்டிவிட்டது.
விளக்குக் கம்பங்களின் கீழே பனிமேடுகள்
உப்பளத்துக் குவியல்கள் மாதிரி, அடிவாரம் வரை.
மைனஸ் இருபத்திரண்டு.
மின்கலம் செத்துப்போகாமலிருக்க
மடிக்கணினியைக் கோட்டுக்குள், வயிற்றோடு வைத்திருக்கிறேன்.
பதினோரு ஆண்டு மதிப்பெண்கள் அதில்:
நாலாயிரத்துச் சொச்சம் இறக்கங்கள்,
ஒவ்வொன்றுக்கும் ஐந்து பேர் தந்த எண்.

விதி இதுதான்.
திருப்பங்களைப் பார்ப்பவர் ஐவர்.
ஆக அதிகமான எண்ணை அடி.
ஆகக் குறைவான எண்ணை அடி.
நடுவில் நிற்கும் மூன்றைக் கூட்டு.
தாவல்களுக்கு வேறு இருவர். வேகத்துக்குக் கடிகாரம்;
அதற்கு மட்டும் யார்மேலும் பிரியம் கிடையாது.

மற்றவர்களின் பிரியம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
சொந்த நாட்டுப் பிள்ளைக்குப் புள்ளி மூன்று.
முதலில் இறங்குபவளுக்கு யாரும் கையைத் திறப்பதில்லை,
பின்னால் வருகிறவர்களுக்கு இடம் வேண்டுமே.
ஒருத்தி விழுந்தால் அடுத்தவளுக்கு லாபம்.
இவ்வளவையும் கழித்துவிட்டுப் பயிற்சியாளர் யூஹானியிடம் சொல்வேன்:
"வெர்னா, ஆறுக்கும் பதினொன்றுக்கும் நடுவே."
"அதை என் நாயும் சொல்லும்" என்பார்.
தப்பில்லை. நல்ல நாய்.

பிறகு ஓர் இரவு, தூக்கம் வராமல்,
அடித்துவிட்ட எண்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தேன்,
குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்ப்பதுபோல்.
ஒரே பெயர் திரும்பத் திரும்ப உருண்டு வந்தது.
ஓட்டகார். செக் நாட்டவர்.
எல்லோரும் பதினாறு என்றால் அவர் பதினாலு;
எல்லோரும் பதின்மூன்று என்றால் அவர் பதினைந்தரை.
எந்தக் கூட்டலிலும் சேராத எண்கள்.
ஆனால்
அவர் குறைத்தவர்கள் அடுத்த ஆண்டு சரிந்தார்கள்.
அவர் உயர்த்திய, யாரும் பெயர் கேட்காத பெண்கள்
அடுத்த ஆண்டு மேடையேறினார்கள்.
தற்செயல் என்றேன். மறுபடி கணக்கிட்டேன்.
மறுபடியும்.
வெளியே பனிவாரி வண்டி விடியவிடிய மலையைச் சீவிக்கொண்டிருந்தது.

கேன்டீனில், சால்மன் சூப் வரிசையில், எனக்கு முன்னால் நின்றார்.
கம்பளித் தொப்பியில் ஓட்டை. தட்டில் இரண்டு ரொட்டி.
வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.
சொல்லிவிட்டேன்.

"முழங்காலைத்தான் பார்ப்பேன்" என்றார்.
"இரண்டாவது தாவலுக்கு முன்னால் மூன்று மேடு.
பயம் இருந்தால் அங்கே தெரியும்."
வரிசை நகர்ந்தது. அவர் நகரவில்லை.
"நூற்றுக்கு எத்தனை முறை என்னை அடித்திருக்கிறார்கள்?"
"அறுபத்தெட்டு."
ஒரு ரொட்டியை எடுத்துத் திரும்பக் கூடையில் வைத்தார்.

மறுநாள் தகுதிச் சுற்று.
பதினைந்து புள்ளி எட்டு. பதினைந்து புள்ளி ஏழு. பதினாறு.
ஓட்டகாரின் எண்கள் நடுவில் வந்து உட்கார்ந்தன,
கையைக் கட்டிக்கொண்ட பையன்கள்போல.
ஒன்றுகூட அடிபடவில்லை.
என் கணிப்பு அன்றைக்கே குருடாயிற்று.
"உன் செக் ஆள் என்ன சொல்கிறார்?" என்றார் யூஹானி.
"எல்லோரும் சொல்வதை."

கடைசி எண் நாற்பத்தேழு. மெருயெர்த், கஜகஸ்தான்.
முதல் தாவலில் தடுமாறி ஒரு கோலைத் தவறவிட்டாள்.
மீதி மலையை ஒற்றைக் கோலோடு இறங்கினாள்.
இரண்டாவது தாவலுக்கு முன்னால் மூன்று மேடு.
முதன்முறையாக நானும் முழங்காலைப் பார்த்தேன்.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பதினொன்று. பத்தரை. பதினொன்று புள்ளி இரண்டு. பதினொன்று.
ஐந்தாவது எண் வரத் தாமதமாயிற்று.
நடுவர் குடிலின் கண்ணாடிக்குப் பின்னால்
ஓட்டைத் தொப்பி அசையாமல் இருந்தது.
யாரோ இருமினார்கள். பலகை மினுங்கியது.

பதினாறு புள்ளி ஒன்று.
உடனே அதன்மேல் கோடு.

அவள் முப்பத்தெட்டாவது.
கோட்டுக்குள்ளிருந்து கணினியை எடுத்தேன்.
விறைத்த விரலால், அடுத்த ஆண்டுக்கென்று ஒரு புது வரி திறந்து
அவள் பெயரைத் தட்டினேன்.
எழுத்து சரிதானா என்று யூஹானியைக் கேட்டேன்.
"யார் அது?" என்றார்.