மூன்று கிழமை

தூன் மைதானத்தில் ஒரே மழையில்
எங்கள் இருவர் தோளிலும் பட்டி ஏறியது.
லெப்டினன்ட் ரெத்தோ காஃப்லிஷ் ஆமியிலேயே தங்கினான்.
"அரைக்காசு என்றாலும் அரசாங்க உத்தியோகம்" என்று
அவனுக்காகச் சந்தோஷப்பட்டவர் என் அப்பா.

நான் ஓல்டனுக்கு வந்து
சரக்கு ரயில்களுக்கு நேர அட்டவணை போட்டேன்.
வருஷத்தில் மூன்று கிழமை
அலமாரியைத் திறந்து அதிகாரி ஆனேன்.

அவன் லிஃப்டில் ஏறுகிறான் என்று நான் நினைத்தேன்.
நான் சும்மா படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று
அவன் நினைத்திருப்பான்.

என் படிகளுக்கு விலை நாட்கள்.
கப்டனுக்கு எத்தனை நாளென்று
சேவைப் புத்தகம் சொல்லும், முத்திரை முத்திரையாக.
மூத்தவள் தவழத் தொடங்கியது
அதில் ஒரு முத்திரைக்கடியில் இருக்கிறது.
இளையவள் பிறந்த இரவு
கடைசி ரயிலில் வந்து இறங்கினேன்.
ஆஸ்பத்திரித் தரையெல்லாம் என் சப்பாத்துச் சேறு.
சிந்துஜா அதைப் பற்றி இன்றுவரை
ஒன்றும் சொன்னதில்லை. அதுதான் பயம்.

கம்பனி நடத்தப் பழகிய வருஷம்
ஆட்கள் எனது, கட்டளை எனது.
மூன்று அடி பின்னால் ரெத்தோ,
கையில் சின்னக் குறிப்புப் புத்தகம்.
சம்பளத்துக்கு நிற்பவன், நாட்கணக்கில் நிற்பவனைக்
கவனிப்பது அங்கே முறை.
நூற்றிருபது பேருக்கு முன்னால் திசை பிழைத்தேன்.
அவன் திருத்தவில்லை. எழுதிக்கொண்டான்.
இரவு பியர் வாங்கித் தந்து வாசித்தான்:
"கிழக்கு என்றாய். கிழக்கே ஏரி."

தோளில் கப்டன் பட்டி இருந்தால்
முன்பெல்லாம் வங்கிக் கதவு தானே திறக்குமாம்.
என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்:
"வருஷத்துக்கு எத்தனை நாள் வரமாட்டீர்கள்?"

அவனுக்கோ தூன், பிறகு கூர்,
பிறகு ஐரோலோ, பிறகும் தூன்.
மேஜர் ஆன கிழமையில் போய்ப் பார்த்தேன்.
பெட்டிகள் பிரிக்காமலே கிடந்தன.
"ஏன் பிரிக்க?" என்றான்.
மேலே இரண்டு நாற்காலி, கீழே வரிசையில் பதினொரு பேர்,
எல்லாரும் கெட்டிக்காரர்.
நாற்பத்திரண்டாம் வயதில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

எங்கள் பிரிவுக்கு வந்த விண்ணப்பங்களில் ஏழாவது.
எண்ணூறு பேரைப் பனியில் மலை கடத்தியவனிடம்
மனிதவளத்து ஃபுல்வியா கேட்டாள்:
"எக்செல் எந்தளவு தெரியும்?"
அவன் என்னைப் பார்த்தான்.
நான் எழுதிக்கொண்டேன்.

இப்போது எனக்குக் கீழே, ஜன்னல் பக்கத்து மேசை.
மெதுவாகத் தட்டச்சு செய்வான், பிழை இராது.
ஆமி அவன் சம்பளத்தை விட்டது, பட்டியை விடவில்லை.
மார்கழியில் கடிதம் வந்தது: லெப்டினன்ட் கேணல்.
பட்டாலியன், எங்களது.

ஆனைக்கொரு காலம், பூனைக்கொரு காலம்.
எங்களில் எது ஆனை என்பதற்கு
நாட்காட்டியைப் பார்க்கவேண்டும்.

யூன் மாதத்துக்கு என்னை அழைப்பவன் அவன்.
அவன் விடுப்புத் தாளில் ஒப்பமிடுபவன் நான்.
இரண்டு தாளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு
மேலாளர் திருமதி வீஸ் கேட்கிறா:
"இரண்டு பேருமா? அதே மூன்று கிழமையா?
பாசல் ரயில்களை யார் பார்ப்பது?
நானா?"

கோப்பி மெஷினடியில் ரெத்தோ
குரலைத் தாழ்த்தினான்.
"உன்னை மேஜருக்கு முன்மொழியலாம் என்றிருக்கிறேன்."
என் குதிகால்கள் தாமாகச் சேர்ந்தன.
ஏப்ரல் மாதம், ஓல்டன், கையில் காகிதக் கோப்பை.

"எத்தனை நாள்?" என்றேன்.

அவன் உடனே சொல்லவில்லை.
கோப்பையைக் கீழே வைத்துவிட்டு
இரண்டு கையாலும் எண்ணத் தொடங்கினான்.