அழாத பிள்ளை

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று
முதலில் சொன்னது யாரோ,
பெற்றவளாய் இருந்திருக்க மாட்டாள்.

எங்கள் பிள்ளை அழுதாள்.
ஃபஹாஹீலில், நான்காம் மாடியில்,
ஏசியின் உறுமலுக்கும் மேலே ஏறி அழுதாள்.
அழுகிற வாயில்
நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும்.
பிறகு காம்பு எங்கே போய்ச் சேரும்?

பிறந்தபோது இரண்டு கிலோ எழுநூற்றைம்பது.
ஐந்தாம் நாள் இரண்டு நானூற்று எண்பது.
அந்தச் சீட்டைப் பள்ளிக்கூட மார்க் போல
நாலாய் மடித்துப் பைக்குள் ஒளித்தேன்.
பின்பக்கம் டாக்டர் ஒரு டப்பாவின் பெயர் எழுதியிருந்தார்.

பால் இல்லாமலும் இல்லை.
கட்டிக் கிடந்தது, கல்லாய்.
நைட்டி உரசினால் உயிர் போய் வந்தது.
அவள் கவ்வுவாள், நழுவுவாள்,
நழுவுகையில் நுனியைக் கிள்ளி எடுத்துப் போவாள்.
ஒருமுறை கக்கியதில் சிவப்பு இருந்தது.
என் ரத்தம்தான் என்று தெரிய
அரை மணி நேரம் ஆனது,
அந்த அரை மணியில் நான் ஆறேழு முறை செத்தேன்.

அம்மாவுக்கு விசா வரவில்லை. வாய்ஸ் மெசேஜ் வந்தது:
பூண்டு தட்டிப் போடு, பால்சுறா புட்டு தின்னு.
ஜெபசிங் டூட்டி முடிந்து மீன் மார்க்கெட் போய்
கையால் துடுப்பு வரைந்து, சின்னது என்று விரல் குறுக்கி,
மார்பைத் தொட்டுக் காட்டியும் பார்த்தாராம்.
எகிப்துக்காரர் ஒரு நொடி முறைத்துவிட்டு,
'ஜர்ஜூர்!' என்று சிரித்து
இரண்டு குட்டிச் சுறாவைத் தூக்கிப் போட்டாராம்.
புட்டு ருசியாக இருந்தது.
பிள்ளைக்கு அது தெரியவேயில்லை.

ஒன்பதாம் நாள் மாரிசெல் வந்தாள்.
பிலிப்பினோ நர்ஸ், ஜெபசிங்கோடு வேலை செய்பவரின் மனைவி.
பையிலிருந்து எடுத்தாள்
ரோஸ் கம்பளி நூலில் பின்னிய மார்பு ஒன்றை.
சிரித்துவிட்டேன். தையல் இழுத்தது.
'அழும்வரை காத்திருக்காதே,
கையைச் சப்பத் தொடங்கும்போதே எடு.
காம்பு மூக்குக்கு நேரே, வாய்க்கு இல்லை.
நீ குனியாதே. அவள் வரட்டும்.'
போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
'என் பையனுக்கு நாற்பது நாள்தான் கொடுத்தேன்.
டிக்கெட் வந்துவிட்டது.'
அவனுக்கு இப்போது ஏழு வயதாம்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை.
பத்தாம் நாளும் அழுகைதான். டப்பாதான். பாலாடைதான்.
நான் கூடக் கத்தினேன்,
குழாய் சாய்வு என்று ஏதோ தொடங்கிய ஜெபசிங்கிடம்,
'இது உங்க ஏசி இல்ல!'

பதினோராம் இரவு, மூன்று மணி சுமாருக்கு
உட்கார முடியாமல் சோபாவில் சரிந்துவிட்டேன்.
ஜன்னலில் எண்ணெய் ஆலையின் தீ,
எப்போதும் போல் எதையோ தின்றுகொண்டு.
அவள் என் நெஞ்சின் மேல் கவிழ்ந்து கிடந்தாள்,
துணியில்லாமல், தவளைபோல் கால் மடக்கி.
அழவில்லை. முஷ்டியைச் சப்பினாள்.
தலையை ஆட்டினாள்,
மோதினாள், தவறினாள், மறுபடி மோதினாள்.
நான் கையை எடுத்துவிட்டேன்.
திடீரென்று வாய்
கொட்டாவி அளவுக்குத் திறந்தது.

வலிக்கும் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தேன்.
இழுத்தது. வலிக்கவில்லை.
தாடை அசைந்தது, காதோரம் வரைக்கும்.

ஜெபசிங் பதறி எழுந்து வந்தார்.
'என்ன, சத்தமே இல்ல?'
நான் உதட்டில் விரல் வைத்தேன்.
அவருக்கு எதுவும் கேட்கவில்லை.
ஊரெல்லாம் ஏசி மாட்டுகிற மனிதர்
ஆகஸ்ட் மாதத்தில், குவைத்தில்,
போய் ஏசியை அணைத்தார்.

அப்போது கேட்டது.
க்ளுக்.
ஒரு மூச்சு.
க்ளுக்.

வேர்த்து வழிய இரண்டு பேரும் எண்ணினோம்.
முப்பத்தொன்றில் ஜெபசிங்குக்கு எண் தவறியது,
மூக்கை உறிஞ்சியதால்.

இடப்பக்கம் இன்னும் ஆறவில்லை.
டப்பாவையும் தூக்கிப் போடவில்லை, அலமாரியில் இருக்கிறது.
வியாழக்கிழமை எடை பார்க்க வேண்டும்.