மூக்கை மட்டும் பார்

தண்டர் பே. காலை ஐந்து மணி.
விடியப்போவதாக எந்த அறிகுறியும் இல்லை.
குளிர்கிடங்கின் வாசலில் ஐலா ரவுத்தியோ
கையுறையைப் பல்லால் கடித்து இழுக்கிறாள்.
பல் டாக்டர் ஆகப்போகிறவள் செய்கிற காரியமா இது என்கிறேன்.
மூன்று குளிர்காலமாக இதே கேலி.
அவளும் மூன்றாவது முறையாகத்தான் எழுதுகிறாள்.

ஓய்வறை மேசையில் பழைய தாள்கள்.
என் கைக்கடிகாரம் அவளிடம் அடகு.
தொண்ணூறு கேள்வி, அறுபது நிமிடம்,
தலைக்கு நாற்பது நொடி.
காப்பி இயந்திரம் ஒரு கோப்பை கக்கி முடிப்பதற்குள்
ஒரு பெட்டியை மனத்துக்குள் மடித்துப் பார்த்து
கறுப்பு முக்கோணம் எந்த முகத்தில் என்று சொல்லிவிட வேண்டும்.

எனக்கும் ஒரு தாளை நீட்டினாள்.
நான்கு கோணங்கள். சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்து.
பதினெட்டு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன்,
நூலிழை இடைவெளியில் பின்னோக்கித் திருப்புவேன்.
பார்க்கப் பார்க்க நான்கும் ஒரே கோணமாயின.
"கை நீளத்தைப் பார்த்து ஏமாறுகிறாய், நார்மண்ட்.
கட்டைவிரலால் கைகளை மூடு.
மூக்கை மட்டும் பார்."
பார்த்தேன். அப்போதும் தப்பு.
சிரித்தாள்,
நாற்பது நொடியில் ஐந்தை எனக்காக வீணாக்கி.

கனசதுரக் குவியலில் அவளை அடிக்க ஆளில்லை.
உறைந்த மீன்பெட்டி அடுக்கிய கைக்கு
கண்ணுக்கு மறைந்ததும் கனக்கும்.
மேலே ஒன்று நின்றால் அடியில் ஒன்று இருந்தே தீரும்,
அந்தரத்தில் பெட்டி தொங்காது.
ஒரு பக்கம் சாயம் பட்டது, இரண்டு பக்கம், மூன்று என்று
முதலில் மொத்தத்துக்கும் கோடு போட்டு வைப்பாள்.
அப்புறம்தான் கேள்வியையே படிப்பாள்.

அவளைக் கொன்றது சாவித்துளை.
இந்தப் பொருள் எந்த ஓட்டைக்குள் நுழையும்?
ஐந்து ஓட்டைகளும் வா வா என்கின்றன.

ஜனவரியில் ஒரு நோட்டுப் போட்டாள்.
தப்புகளுக்கு மட்டும் கணக்கு.
தெரியாமல் விட்டது. தெரிந்தும் அவசரப்பட்டது.
விடை சரி, கட்டம் மாறிப்போனது.
நாற்பத்தொரு தப்பு சேர்ந்த இரவு
கூட்டிப் பார்த்து நிமிர்ந்தாள்.
இருப்புக் கணக்கில் ஒரு லாரி காணாமல்போன முகம்.

கடினமான கேள்வியில் அவள் விழவில்லை.
அதற்கு அடுத்ததில்.
எளிதானதில். நான்கூடப் போட்டுவிடக் கூடியதில்.
விட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்த சாவித்துளையை
அடுத்த பக்கம்வரை தூக்கிக்கொண்டே நடந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு வேகம் என்ற பேச்சே இல்லை.
ஒவ்வொரு விடைக்கும் பின் பென்சிலை மேசையில் வைப்பாள்.
டொக்.
மறுபடி எடுப்பாள்.
நொடி போகிறதே என்று பதறியது நான்தான்.
முதல் வாரம் மூன்று நிமிடம் கூடிப்போனது.
அடுத்த வாரம் ஒன்று.
மார்ச்சில் ஒருநாள் கடிகாரத்துக்கு முன்னால் அவள் முடித்தாள்,
முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல்
என் பிஸ்கட்டைத் தின்றாள்.

தேர்வன்று வண்டி ஓட்டியதும் நான்தான்.
உருகிய பனி சேறாகக் கிடந்த சாலை.
வெளியே வந்தவளிடம் எதுவும் கேட்கக் கூடாதென்று இருந்தேன்.
கேட்டேன்.
"பதினொன்றை விட்டுவிட்டேன்."
மற்றது?
"மற்றது போட்டேன்."

ஆர்தர் தெரு சிக்னலில்
சிவப்பைப் பார்த்தபடி இருந்தவளின் கை
தானாகக் காற்றில் எதையோ பிடித்து
கால் சுற்றுத் திருப்பியது, கொஞ்சம் சாய்த்தது.
"மூன்றாவது ஓட்டை" என்றாள்.
"சே. மூன்றாவது."
பிறகு என் டாஷ்போர்டின் மேல்
இல்லாத ஒன்றை
டொக் என்று வைத்தாள்.

பச்சை விழுந்ததை இரண்டு பேரும் பார்க்கவில்லை.
பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான்.