நாற்பது மீற்றர்

எழுதுமட்டுவாள்.
பெயரிலேயே ‘எழுது’ என்று ஏவுகிற ஊர்.
சிவப்புப் பட்டி கட்டிய காணியின் இந்தப் பக்கம்
முக்காலியில் பெட்டியை ஏற்றுகிறேன்.
றெஜினோல்ட் பற்றரியைச் சுமந்து வருகிறான்,
நிறைமாதக்காரி மாதிரிப் பின்னால் சாய்ந்து.

நாலு வருசம் முழங்காலில் நின்று
நிலம் கிண்டியவள் நான்.
மூக்குக்கும் மிதிவெடிக்கும் நடுவில்
ஒரு முகக்கவசம், ஒரு முழம்.
இப்ப நாற்பது மீற்றர்.
சம்பளம் கூடினதுக்கல்ல,
தூரம் கூடினதுக்குத்தான் அம்மா பொங்கிப் படைத்தா.

பச்சை ஒளி போகும்.
போனதில் அநேகமாக எல்லாம்
போன மாதிரியே திரும்பும்.
கோடியில் ஒன்று மட்டும்
தொட்ட பொருளோடு கதைத்துவிட்டு
நிறம் கொஞ்சம் மாறி வரும்.
அந்த ஒன்றைப் பிடிக்கத்தான் இவ்வளவு சுமையும்.

இலையில் பட்டால் உதவாது.
நாயுண்ணிப் பற்றை தன் சிவப்பைக் கொட்டித்
திரையை நிரப்பிவிடும்.
மண்ணுக்குள்ளும் பார்க்காது;
மேலே ஒட்டியிருப்பதை மட்டும்.
மிச்சத்துக்கு இன்னும் முழங்கால்தான்.

காலையில் யூரியாப் பையை யூரியா என்றது.
சுவர்ப் பாசியில் தடுமாறியது.
பிறகு, கூரை போன வீட்டின் உள்கதவில்,
வெயில் படாத மூலையில்,
கொளுக்கியில் நிறுத்தினேன்.
ஆயிரத்து முந்நூற்றைம்பதுக்குக் கிட்ட
ஒரு கோடு
வெட்கமில்லாமல் எழும்பி நின்றது.
மூன்று தரம் எடுத்தோம்.
மூன்று தரமும் அதே.

வெடிமருந்து அளைந்த கை ஒன்று
அந்தக் கதவைத் திறந்திருக்கிறது.
அல்லது சாத்தியிருக்கிறது.

காணிக்காரி வாகீசுவரி
உறுதியைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு
பட்டியடியில் நிற்கிறா.
“ஆற்ற கையாம்?”
பொருளைச் சொல்லும் அக்கா, ஆளைச் சொல்லாது.
“ஆமியோ, பொடியளோ?”
அதுவும் சொல்லாது.
“எங்கட வீட்டிலயும் ஒருத்தன்...” என்று தொடங்கி
விட்டுவிட்டா.
நெற்றியில் கையை வைத்துக்
கதவையே பார்த்தா.

பாதை துப்புரவானதும்
அசற்றோனால் துடைத்துப்
பஞ்சைப் பையிலிட்டு முத்திரை வைக்க வேணும்.
அது விதி.
“துடைச்சா எல்லாம் போயிடுமோ?”
போயிடும்.
“அப்ப நாளைக்குத் துடையுங்கோவன்.”

றெஜினோல்ட் என்னைப் பார்க்கவில்லை.
வயரைச் சுருட்டினான்.
வில்லைக்கு மூடி போட்டுவிட்டு
அறிக்கையை நிரப்பினேன்.
இடம்: உள்கதவு, கொளுக்கி.
முடிவு: உறுதி.
துடைப்பைப் பின்போடக் காரணம்:
வெளிச்சம் போதாது

என்று எழுதினேன்,
சித்திரை மாதம், பகல் பதினொரு மணி,
பேனை பிடித்த கையின் நிழல்
கடதாசியில் கன்னங்கரேலென்று விழ.